சும்மா கிடைக்கிற சீட்டுக்கு யார் வீட்டுக் காசு?



ஆண்டு மலருக்கு "ஏதாவது டெக்னிக்கலா எழுதுடா" என்றார்கள். சூளை வெப்பநிலை, கிளேஸ் என்று ஆரம்பித்தால் நம்ம வகுப்புக்காரனே பக்கத்தைப் புரட்டிவிட்டு குரூப் போட்டோவில் தன் முகத்தைத் தேடப் போய்விடுவான். ஆகவே பணத்தைப் பற்றி எழுதுகிறேன். இன்னும் சில மாதங்களில் நம்மில் பலர் மோர்பியிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ வேலைக்குப் போய் நிற்போம். முதல் சம்பளம் பேங்கில் விழுந்த மறுவாரமே ஒரு போன் வரும். "சார், உங்களுக்கு லைஃப்டைம் ஃப்ரீ கிரெடிட் கார்டு அப்ரூவ் ஆகியிருக்கு. பாயிண்ட் சேர்த்தா ஃபிளைட்ல ஃப்ரீயா போகலாம் சார்!" நம்மை யாரும் 'சார்' என்று கூப்பிட்டிராத வயசில் அந்த ஒரு வார்த்தைக்கே பாதிப் பேர் கையெழுத்துப் போட்டுவிடுவோம். அதற்கு முன்னால் படிப்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

விமானத்துக்குப் போகும் முன் சேத்தியாத்தோப்புக்கு வாருங்கள். குறுக்கு ரோட்டுக்குப் பக்கத்தில் அப்பா சின்னதாக ஒரு ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறார். பைப், பெயிண்ட், டைல்ஸ் ஒட்டுகிற பசை, கக்கூஸ் பேசின் எல்லாம் கிடைக்கும். லீவு நாட்களில் கல்லாவில் நான். போன பொங்கல் லீவில், டைல்ஸ் மேஸ்திரியான என் மாமா, வீடு கட்டுகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு பசை மூட்டை எடுக்க வந்தார். நான் படிப்பைக் காட்டலாம் என்று வாயைத் திறந்தேன்.

"மாமா, இந்த மூட்டையும் நீங்க கேக்கற மூட்டையும் ஒண்ணுதான். சிமென்ட், மணல், கொஞ்சம் பாலிமர். இது அறுபது ரூபா கம்மி."

மாமா என்னைத் தனியே தள்ளிக்கொண்டு போய், "எனக்குத் தெரியாதா மாப்ள? அதுலதான் கூப்பன் இருக்கு. வாய மூடிக்கிட்டு எடுத்துப் போடு" என்றார்.

மூட்டைக்குள் ஒரு சீட்டு இருக்கும். போனில் ஸ்கேன் செய்தால் மேஸ்திரி கணக்கில் பாயிண்ட் ஏறும். சேர்ந்தால் மிக்ஸி, இன்னும் சேர்ந்தால் பைக். பெயிண்ட் டப்பாவில் டோக்கன் இருப்பது பெயிண்டர்களுக்கு ஊரறிந்த ரகசியம். வயர் பண்டலுக்கு எலக்ட்ரீஷியன், பைப்புக்கு பிளம்பர் என்று எல்லாத் தொழிலுக்கும் இது வந்துவிட்டது. எந்தச் சரக்கு என்று முடிவு செய்கிறவர் மேஸ்திரி. காசு கொடுக்கிறவர், வெளியே பைக்கில் உட்கார்ந்து பில்லுக்காகக் காத்திருந்த வீட்டுக்காரர். பரிசு, முடிவு செய்கிறவருக்குப் போகிறது. மாமாவை நான் குற்றம் சொல்லமாட்டேன். முட்டி போட்டே முட்டி தேய்ந்த மனுஷன், பி.எஃப். கிடையாது, போனஸ் கிடையாது, அந்தக் கூப்பன்தான் அவருக்கு போனஸ். ஆனால் அந்த அறுபது ரூபாய் எங்கிருந்து வந்தது என்று மட்டும் மறந்துவிடாதீர்கள். ஆகாயத்தில் நடப்பதும் இதே கதைதான்.

அமெரிக்காவில் 1978 வரை விமானக் கட்டணத்தை அரசாங்கம்தான் கட்டுப்படுத்தியது. கட்டுப்பாடு போனதும் கம்பெனிகளுக்குள் அடிதடி. ஒருவன் விலையைக் குறைத்தால் அடுத்தவனும் குறைப்பான், பிறகு இரண்டு பேருக்கும் நஷ்டம். விலையைக் குறைக்காமல் ஆளைப் பிடித்துவைக்க என்ன வழி என்று யோசித்து, 1981 மே மாதம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 'அட்வான்டேஜ்' என்ற திட்டத்தைத் தொடங்கியது. எத்தனை மைல் பறக்கிறீர்களோ அத்தனையும் உங்கள் கணக்கில் ஏறும். சேர்ந்தால் இலவச டிக்கெட். சில நாட்களிலேயே யுனைடெட்டும் இறங்கியது. யோசனை ஒன்றும் புதிதல்ல. கடையில் சாமான் வாங்கினால் பச்சை ஸ்டாம்ப் கொடுத்து, நோட்டில் ஒட்டிக் கொண்டுவந்தால் பரிசு என்கிற வியாபாரம் அங்கே 1896-லேயே வந்துவிட்டது. நம் அம்மாக்கள் டீத்தூள் கவரை வெட்டிச் சேர்த்து டம்ளர் வாங்கியதும் அந்த வம்சம்தான்.

இலவச டிக்கெட் கொடுத்தால் கம்பெனி திவாலாகாதா? ஆகாது. ராத்திரி கும்பகோணத்திலிருந்து சென்னை போகிற பஸ் நம்ம ஊரில் நின்று கிளம்புவதைப் பார்த்திருப்பீர்கள். பத்து சீட் காலியாக இருந்தாலும் டீசல் அதேதான், டிரைவர் சம்பளமும் அதேதான். சந்தையில் மிஞ்சின கத்தரிக்காயையாவது சாயந்திரம் பாதி விலைக்குத் தள்ளலாம். பஸ் கிளம்பிவிட்டால் காலி சீட் காலிதான், நாளைக்கு எடுத்து வைத்து விற்க முடியாது. விமான சீட்டும் அப்படித்தான். எப்படியும் காலியாகப் போகிற சீட்டை 'பரிசு' என்று கொடுத்தால் கம்பெனிக்குக் கையைக் கடிப்பது சாப்பாட்டுச் செலவும் கொஞ்சம் எண்ணெயும்தான். வாங்குகிறவனுக்கோ அது ஆயிரக்கணக்கில் மதிப்பு. நல்ல தந்திரம்தான், ஒத்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் உண்மையான தந்திரம் வேறு இடத்தில் இருக்கிறது. மாதத்துக்கு நான்கு முறை பறக்கிறவர் யார்? கம்பெனி வேலையாகப் போகிற மேனேஜர். டிக்கெட் காசு கம்பெனியுடையது, மைல் மேனேஜருடையது. ஆயிரம் ரூபாய் அதிகமானாலும் தன் மைல் இருக்கிற விமானத்தில்தான் அவர் ஏறுவார். என் மாமாவும் அந்த மேனேஜரும் ஒரே தொழில்தான் செய்கிறார்கள். மேனேஜருக்கு ஷூ இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

சொந்தக் காசில்லாத பயணத்துக்குச் சொந்த மைல் எப்படி வரும் என்று கேள்வி கேட்ட நாடும் உண்டு. ஜெர்மனியில் 2002-ல் அரசாங்க வேலையாகப் பறந்து சேர்த்த மைலைச் சொந்தப் பயணத்துக்குப் பயன்படுத்தியது வெளியே வந்து, பெர்லின் மாநில அமைச்சராக இருந்த கிரெகோர் கீசி பதவியையே ராஜினாமா செய்தார். நம் மத்திய அரசும் 2017-ல் வெளியிட்ட பயணப்படி விதிகளில், அரசுச் செலவில் சேர்ந்த மைல் அரசுப் பயணத்துக்கே பயன்பட வேண்டும், சொந்தத்துக்கு எடுத்தால் துறை நடவடிக்கை என்று எழுதிவைத்திருக்கிறது. அமெரிக்க வருமான வரித்துறையோ அதே 2002-ல், இப்படிச் சேர்ந்த மைலுக்கு வரி கேட்டுத் துரத்தப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது.

சரி, நம்ம ஊர் ஆட்கள் பறப்பதில்லையா? பறக்கிறார்கள். என் பெரியப்பா மகன் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வருவார். சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் 'கிரிஸ்ஃப்ளையர்' திட்டம் 1999 முதல் இருக்கிறது. அதில் சேர்ந்த மைலுக்கு ஆயுள் மூன்று வருஷம். அண்ணனோ ஏஜென்ட் போட்டுக் கொடுக்கிற மலிவு டிக்கெட்டில், எந்த விமானம் விலை குறைவோ அதில் வருகிறவர். அந்த மாதிரி டிக்கெட்டுக்கு மைல் சொற்பம், பல சமயம் சுத்தமாக இல்லை. "மைல் எவ்ளோ சேத்திருக்கீங்கண்ணே?" என்று கேட்டதற்கு, "எந்த மைலுடா? திருச்சியிலேர்ந்து ஊருக்கா?" என்றார். குடும்பத்தைப் பார்க்க, சொந்தக் காசு போட்டுப் பறக்கிறவருக்கு இந்தத் திட்டத்தில் இடமில்லை.

இனி பேங்க் கதைக்கு வருவோம். 1987-ல் அமெரிக்காவில் சிட்டி பேங்க், அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து ஒரு கார்டு விட்டது. விமானம் ஏறவே வேண்டாம், மளிகை வாங்கினாலும் மைல்! பேங்க் அந்த மைலை ஏர்லைன்ஸிடம் காசு கொடுத்து வாங்கித் தன் வாடிக்கையாளருக்குக் கொடுத்தது. அன்றைக்கு மைல் பரிசுச் சீட்டாக இருப்பதை விட்டுவிட்டு, ஏர்லைன்ஸ் அச்சடித்து விற்கிற நோட்டாக மாறிவிட்டது. எவ்வளவு பெரிய நோட்டடிப்பு என்பது கொரோனா வந்தபோது தெரிந்தது. 2020 ஜூனில் விமானமெல்லாம் தரையில் நிற்க, கையில் காசில்லாத யுனைடெட், தன் மைல் திட்டத்தை அடமானமாகக் காட்டி 500 கோடி டாலர் கடன் திரட்டப்போவதாக அறிவித்தது. அந்தத் திட்டத்தின் மதிப்பு சுமார் 2,200 கோடி டாலர் என்று அவர்களே கணக்குக் காட்டினார்கள். விமானங்கள் உட்பட முழுக் கம்பெனிக்கும் அன்று பங்குச் சந்தை போட்ட விலை அதைவிடக் குறைவு! பாயிண்ட் எழுதுகிற நோட்டுக்கு, பறக்கிற கம்பெனியைவிட மவுசு.

இந்த நோட்டுக்கு ரிசர்வ் பேங்க் கவர்னர் கையெழுத்து கிடையாது என்பதையும் கவனியுங்கள். ஒரு டிக்கெட்டுக்கு நேற்று 25,000 மைல், இன்று 40,000 என்று கம்பெனி மாற்றினால் கேட்க ஆளில்லை. மைல் என்ற பேர்கூட இப்போது பொய். 2015-ல் டெல்டாவும் யுனைடெட்டும், அடுத்த வருஷம் அமெரிக்கனும், எவ்வளவு தூரம் பறந்தாய் என்பதை விட்டுவிட்டு எவ்வளவு டாலர் கொடுத்தாய் என்று எண்ண ஆரம்பித்துவிட்டன. கம்பெனியே போய்விட்டால்? 2012 அக்டோபரில் கிங்ஃபிஷர் நின்றபோது 'கிங் கிளப்' மைல் வைத்திருந்தவர்களுக்கு அது வெறும் நம்பர். 2019 ஏப்ரல் 17-ந் தேதி ஜெட் ஏர்வேஸ் கடைசி விமானத்தை இறக்கியது. அதன் மைல் திட்டம் தனிக் கம்பெனியாக இருந்ததால் பிழைத்தது. அதே வருஷம் 'இன்டர்மைல்ஸ்' என்று பேரையும் மாற்றிக்கொண்டது. மைல் இருந்தது, ஏறத்தான் ஜெட் விமானம் இல்லை. மறுபுறம், 2006-ல் பறக்கத் தொடங்கிய இண்டிகோ 2024-ல்தான் 'ப்ளூசிப்' என்று முழு அளவில் ஒரு மைல் திட்டம் கொண்டுவந்தது. அதற்குள்ளாகவே அது நாட்டின் முதல் கம்பெனி ஆகிவிட்டிருந்தது. விலை சரியாக இருந்தால் ஜனங்கள் ஏறுகிறார்கள், அவ்வளவுதானே!

புத்திசாலிகள் இதிலும் ஜெயித்திருக்கிறார்கள் என்று ஒரு கட்சி உண்டு. 1999-ல் கலிஃபோர்னியாவில் டேவிட் பிலிப்ஸ் என்ற சிவில் இன்ஜினீயர், ஒரு உணவுக் கம்பெனி லேபிளுக்கு மைல் கொடுக்கிறது என்று படித்து, கணக்குப் போட்டு, 12,150 கப் புட்டிங் வாங்கினார். செலவு சுமார் 3,140 டாலர். கிடைத்தது பன்னிரண்டரை லட்சம் மைல்! சிவில் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒருவர் புட்டிங் வாங்கி ஜெயித்ததை இருபத்தைந்து வருஷமாக உலகம் பேசுகிறது என்றால், ஜெயிக்கிறவர் எண்ணிக்கை எவ்வளவு என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது அப்பா கடைக் கல்லாவுக்குத் திரும்புகிறேன். எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

ஒருவர் கிரெடிட் கார்டைத் தேய்த்து 100 ரூபாய்க்குச் சாமான் வாங்கினால், அப்பா கணக்குக்கு வருவது 98 ரூபாய் சொச்சம். பிடித்த இரண்டு ரூபாயில் பெரும்பங்கு, கார்டு கொடுத்த பேங்குக்கு. மெஷின் கொடுத்த பேங்குக்குக் கொஞ்சம், விசா, மாஸ்டர்கார்டு போன்ற கம்பெனிக்குக் கொஞ்சம். தன் பங்கிலிருந்து கார்டு பேங்க் ஒரு துண்டை வெட்டி, "இந்தாங்க சார் பாயிண்ட்" என்று வாடிக்கையாளருக்குக் கொடுக்கிறது. அப்பா என்ன செய்வார்? கார்டுக்குத் தனியாக இரண்டு ரூபாய் சேர்த்துக் கேட்கக் கூடாது என்பது மெஷின் வாங்கும்போது போட்ட ஒப்பந்தம். பசை மூட்டையில் அவருக்கு நிற்கிற லாபமே நாலைந்து சதவீதம். ஆகவே எல்லா விலையையும் கொஞ்சம் ஏற்றி வைக்கிறார். அந்த ஏற்றின விலையைக் கார்டுக்காரரும் கொடுக்கிறார், கார்டே பார்த்திராதவரும் கொடுக்கிறார். கார்டுக்காரருக்குப் பாயிண்டாகப் பாதி திரும்பி வருகிறது. மற்றவருக்கு ஒன்றும் வருவதில்லை.

இது கல்லாவில் உட்கார்ந்து நான் கண்டுபிடித்த தத்துவமல்ல. அமெரிக்காவின் பாஸ்டன் ஃபெடரல் ரிசர்வ் பேங்க் பொருளாதார நிபுணர்கள் 2010-ல் கணக்குப் போட்டார்கள். ரொக்கம் கொடுக்கிற ஒரு குடும்பம் சராசரியாக வருஷத்துக்கு 149 டாலரைக் கார்டுக் குடும்பங்களுக்குத் தூக்கிக் கொடுக்கிறது. கார்டுக் குடும்பம் 1,133 டாலர் வாங்கிக்கொள்கிறது. பொதுவாக ரொக்கம் கொடுக்கிறவர் ஏழை, பெரிய பாயிண்ட் கார்டு வைத்திருப்பவர் பணக்காரர் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. ராபின் ஹுட்டைத் தலைகீழாக நிற்க வைத்தது மாதிரி!

காசு கடைக்காரரிடமிருந்துதான் வருகிறது என்பதற்கு ஆஸ்திரேலியா ஒரு சாட்சி. 2003-ல் அந்நாட்டு மத்திய வங்கி, கார்டு பேங்குக்குப் போகிற பங்கைச் சுமார் பாதியாகக் குறைத்தது. உடனே அங்கே பாயிண்டும் மெலிந்தது. ஐரோப்பிய யூனியன் 2015-ல் கிரெடிட் கார்டுக்கு 0.3 சதவீதம்தான் உச்சம் என்று பூட்டுப் போட்டது. நம் நாட்டில் டெபிட் கார்டுக்கு 2012 முதல் உச்சவரம்பு உண்டு. ரூபே டெபிட்டுக்கும் யு.பி.ஐ.க்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கட்டணமே கூடாது. கிரெடிட் கார்டுக்குத்தான் அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. 2017 ஜனவரியில் பெட்ரோல் பங்க்காரர்கள், ஒரு சதவீதக் கட்டணத்தை எங்கள் தலையில் கட்டினால் கார்டே வாங்கமாட்டோம் என்று அறிவித்தபோது பேங்குகள் இறங்கி வந்து பேசின. அவர்களுக்குச் சங்கம் இருந்தது. குறுக்கு ரோட்டில் ஹார்டுவேர் கடைக்காரருக்கு என்ன இருக்கிறது?

யு.பி.ஐ. மட்டும் ஓசியா என்று கேட்பீர்கள். இல்லை. சின்னக் கடைகளின் சில்லறை யு.பி.ஐ. வரவுக்காக 2024-25 வருஷத்துக்கு மத்திய அரசு 1,500 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. அது வரிப்பணம். ஆனாலும் டீக்கடையில் பத்து ரூபாய் ஸ்கேன் செய்கிற நம்மைப் போன்றவர்களுக்காகச் செலவாகிற வரிப்பணம் என்பதால் எனக்கு அதில் பெரிய கோபம் வரவில்லை.

"டேய், நீ கடைக்காரன் மகன், அதான் புலம்புற. நாங்க பாயிண்ட் வாங்குற பக்கம்தானே நிக்கப்போறோம்" என்று என் ரூம்மேட் கேட்டான். நியாயமான கேள்வி. அதற்கும் கணக்கு இருக்கிறது. ஓர் உதாரணத்துக்கு, 150 ரூபாய்க்கு 2 பாயிண்ட், ஒரு பாயிண்ட் 25 பைசா என்று வைத்துக்கொள்வோம். 10,000 ரூபாய்க்கு ஒரு போன் வாங்கினால் 132 பாயிண்ட், அதாவது 33 ரூபாய். அந்த மாதம் வீட்டுக்குப் பணம் அனுப்பியதில் முழுத்தொகை கட்ட முடியவில்லை, 'மினிமம் டியூ' என்று 500 மட்டும் கட்டினாய் என்றால்? மாத வட்டி 3.5 சதவீதம், 350 ரூபாய். வட்டிக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி., 63 ரூபாய். கட்டின 500-ல் 413 அதற்கே போய், அசலில் கழிந்தது 87 ரூபாய்! பாக்கி நிற்கிறவரை புதுசாக வாங்குகிற சாமானுக்கும் வாங்கின நாளிலிருந்தே வட்டி ஓடும். வருஷத்துக்கு 42 சதவீதம். நம்ம ஊர் அடகுக் கடைக்காரரே வெட்கப்படுவார். 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-ல் சொன்னதை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் ரத்து செய்துவிட்டது. ஆக, பாயிண்டுக்குக் காசு கொடுக்கிறவர்களில் இரண்டாம் ஆள், கார்டு வைத்திருந்தும் கட்ட முடியாதவன். முதல் வேலையில் பதினைந்தாயிரம் சம்பளத்தில் இருக்கிற டிப்ளமோக்காரன் அவனாக ஆவது ரொம்ப சுலபம்.

நம் நாட்டில் கிரெடிட் கார்டு எண்ணிக்கை 2024 தொடக்கத்தில் 10 கோடியைத் தாண்டியது. எனக்கும் ஒரு நாள் வரும், நானும் பாயிண்டை விடமாட்டேன், ஒளிப்பானேன்? மாதக் கடைசியில் முழுசாகக் கட்டுகிறவனுக்கு அது லாபம்தான். ஆனால் அதைச் 'சும்மா' என்று சொல்லாதீர்கள் என்கிறேன். ஐரோப்பா மாதிரி இங்கேயும் ஓர் உச்சவரம்பு வேண்டும், குறைந்தபட்சம் சின்னக் கடைகளுக்காவது. அதுவரை ரொக்கக்காரருக்கு ஒரு விலை, கார்டுக்காரருக்கு ஒரு விலை என்று கடைக்காரர் வெளிப்படையாக எழுதி வைக்க முடிய வேண்டும்.

கடைசியாக ஒன்று. மாமா கூப்பன் மூட்டை எடுத்துப்போன அதே வாரம், ஓடாக்கநல்லூர்ப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். மகளிர் குழுக் கடன் எடுத்து வீட்டில் கக்கூஸ் கட்டுகிறார்கள். பேசின் ஒன்று 1,400 ரூபாய். முந்தானையில் முடிந்து வைத்திருந்த நோட்டுகளை எண்ணி எண்ணி வைத்தார். அவருக்கு முன்னால்தான் கார் வைத்திருக்கிற ஒருவர் அதே பேசினை அதே விலைக்குக் கார்டு தேய்த்து எடுத்துப்போனார். இரண்டு சதவீதம் என்றால் 28 ரூபாய் என்று மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். அப்பாவும் போட்டுப் பார்த்திருப்பார் போல. மூன்று பத்து ரூபாய்த் தாள்களைத் திருப்பிக் கொடுத்து, "ரொக்கம்னா முப்பது ரூபா கம்மிம்மா" என்றார். அந்த அம்மா நம்பாமல் இரண்டு முறை எண்ணிப் பார்த்தார்.

அவர் போனதும் "அப்பா, அதையே ஒரு போர்டா எழுதி மாட்டிடலாமா?" என்றேன். "மெஷின்காரன் பாத்தா வம்புடா" என்றார். அந்தப் பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் முடியவில்லை.